மூன்று தீபாவளி ஓடிய படமும் சிறையிலிருந்த கதாநாயகனும்

மலர்க் குழுவினர் போன் செய்தபோதே எச்சரித்துவிட்டார்கள். டெக்னிக்கல் கட்டுரை வேண்டாம், குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கிற மாதிரி ஏதாவது எழுது என்று. ஆகவே டர்பைன், பாய்லர் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, நம்ம திருச்சிக்காரர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். டெக்னிக்கல் சமாசாரம் நடுவில் கொஞ்சம் வந்துவிட்டால் குழுவினர் பொறுத்தருள்க. இஞ்சினியரிங் படித்தவன் கையில் பேனா கொடுத்தால் அது நடக்காமல் இருக்காது.

சரித்திர நாவல் என்றால் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது என்ன? குதிரை, கோட்டை, சுரங்கப்பாதை, வாணர்குலத்து வீரன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தினதாக இருந்தால்தான் சரித்திரம் என்று ஒரு எண்ணம். ஹாலிவுட்டில் அப்படி இல்லை. மௌனப்பட காலத்து ராணி மேரி பிக்ஃபோர்டையும் அவருடைய தோழியான கதாசிரியை ஃபிரான்சிஸ் மரியனையும் வைத்து மெலனி பெஞ்சமின் என்பவர் 2018-ல் ஒரு நாவல் எழுதினார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்டூடியோவும் அங்கே சரித்திரம்தான். தமிழிலும் பழைய சினிமா நட்சத்திரம் ஒருவரைப் பற்றி நல்ல, கனமான சரித்திர நாவல் ஒன்று வரவேண்டும், அதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த நட்சத்திரம் யார் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. எம்.கே.தியாகராஜ பாகவதர்.

பெயரைக் கேட்டதும் ஜூனியர் தம்பி தங்கைகள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் தாத்தாவுக்கும் தாத்தா அவருக்காக வண்டி கட்டிக்கொண்டு போயிருப்பார்.

பிறந்தது 1910-ல், மாயவரத்தில். பெயரில் இருக்கிற முதல் எழுத்து அந்த ஊர்தான். பொற்கொல்லர் குடும்பம். பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்கு வந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. பாட்டு, பாட்டு, எப்போது பார்த்தாலும் பாட்டு. அப்பா கண்டிக்க, பையன் வீட்டை விட்டே ஓடிப்போனான். எங்கெங்கோ தேடி, கடைசியில் கடப்பாவில், நாலு பேர் கூடி நின்று கேட்க அவன் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார் என்று சொல்லுவாங்க. அதன் பிறகு அப்பா தடுக்கவில்லை.

திருச்சி அப்போது ரயில்வே ஊர். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேசய்யர் நாடகப் பிரியர். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ரசிக ரஞ்சன சபா நாடகங்கள்தான். அவர் இந்தப் பையன் பாடுவதைக் கேட்டார். அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். அப்போது தியாகராஜனுக்குப் பத்து வயசு இருக்கும். பாம்பு கடித்துச் சாகிற பிள்ளை வேடத்தில் பையன் பாடியதில் சபை உருகிப் போனது. பிறகு மதுரை பொன்னு ஐயங்காரிடம் வருஷக்கணக்கில் முறையாகச் சங்கீதம் கற்றார். 'பாகவதர்' என்ற பட்டம் நாடக மேடைக் காலத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். நாவல் எழுதப் போகிறவர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது. அந்தக் கால நாடக மேடையில் மைக் கிடையாது. கொட்டகையில் ஆயிரக்கணக்கில் ஜனம். கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருக்கிற தரை டிக்கெட்காரனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் இல்லாத இடத்தில் மனுஷத் தொண்டையேதான் ஆம்ப்ளிஃபையர். அதற்கு நம் நடிகர்கள் கண்ட வழி, சுருதியை ஏற்றுவது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் சுருதியைச் சொல்வது வழக்கம். சாதாரணமாக ஆண்கள் கச்சேரியில் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, மிஞ்சிப் போனால் இரண்டு. ஐந்து கட்டை என்பது பெண்கள் பாடுகிற சுருதி. நாடக நடிகர்கள் நாலு, ஐந்து கட்டைக்கு எகிறினார்கள். நம்ம பாஷையில் சொன்னால், ஆதார ஷட்ஜத்தைச் சுமார் 130 ஹெர்ட்ஸிலிருந்து 196 ஹெர்ட்ஸுக்குத் தூக்குகிறார்கள். அதற்கு மேல் ஒரு ஸ்தாயி சஞ்சாரம் வேறு! தாழ்ந்த ஒலியை விட உயர்ந்த ஒலி நம் காதுக்குத் துல்லியமாக விழும், கூட்டத்தின் சலசலப்புக்கு மேலே மிதந்து நிற்கும். எஸ்.ஜி.கிட்டப்பா இந்த வித்தையின் உச்சம். அவர் 1933-ல் அற்பாயுசில் போய்விட்டார். அந்த இடம் காலியாகி ஜனங்கள் ஏங்கிக்கொண்டிருந்த சமயத்தில், மேடையில் வளர்ந்த அதே மாதிரிக் குரலோடும், அதோடு கூட மன்மதன் மாதிரி ஒரு முகத்தோடும் பாகவதர் வந்து நின்றார்.

பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் சேர்ந்து நடித்த பவளக்கொடி நாடகம் செட்டிநாட்டுப் பக்கத்தில் சக்கைப் போடு போட்டது. அதையே படமாக எடுத்தார்கள். டைரக்டர் கே.சுப்ரமணியம். வருஷம் 1934. தமிழ் பேசும்படம் பிறந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. படத்தில் ஐம்பது பாட்டுக்கு மேல். படப்பிடிப்பு அடையாறில், திறந்த வெளி செட்டில், சூரிய வெளிச்சத்தில். மேகம் வந்தால் கேமராவை நிறுத்த வேண்டும். காட்சியும் ஒலியும் ஒரே நேரத்தில் பதிவாகிற முறை. நடிகர் நடித்துக்கொண்டே பாட, வாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாமல் மறைவில் உட்கார்ந்து வாசிக்க, எல்லாம் ஒரே டேக். நடுவில் ஒரு காக்கை கரைந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. காக்கை விரட்டுவதற்கென்றே ஏர்கன்னோடு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமா வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் யார் நட்சத்திரமாக முடியும்? பாடத் தெரியாத அழகனால் முடியாது. அழகில்லாத பாடகனும் கஷ்டம்தான். இரண்டும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும். பாகவதருடைய வாழ்க்கை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி.

அடுத்த பத்து வருஷம் ராஜயோகம். 1937-ல் இரண்டு படங்கள். மதுரை ராயல் டாக்கீஸார் எடுத்த சிந்தாமணி, வேசியிடம் மயங்கிக் கிடந்து பிறகு கிருஷ்ண பக்தனாகிற பில்வமங்களன் கதை. ஒரே ஊரில் ஒரு வருஷம் ஓடிய முதல் தமிழ்ப்படம் அது. வந்த லாபத்தில் மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே தியேட்டர் கட்டினார்கள். இன்னொன்று அம்பிகாபதி. தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் டைரக்ட் செய்தார், இளங்கோவன் வசனம் எழுதினார். 1939-ல் திருநீலகண்டர். 1941-ல் அசோக்குமார். சிற்றன்னையின் ஆசைக்கு இணங்காததால் கண்ணை இழக்கிற இளவரசன் வேடம். அதில் சின்ன வேடம் ஒன்றில் எம்.ஜி.ஆர். இருக்கிறார், தேடிப் பாருங்கள். 1943-ல் சிவகவி. பாபநாசம் சிவனின் பாட்டு, ஜி.ராமநாதனின் இசையமைப்பு, பாகவதரின் தொண்டை, இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. இடையில் சுமாரான படங்களும் உண்டு. அவற்றை விட்டுவிடுவோம்.

அவர் பின்னாலே வளர்த்துவிட்ட முடிக்கு பாகவதர் கிராப் என்றே பெயர் வந்தது. கும்பகோணத்திலிருந்து கொழும்பு வரை இளவட்டங்கள் கத்திரிக்கோலுக்கு லீவு கொடுத்தார்கள். அவர் வருகிறார் என்றால் ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம். தங்கத்தட்டில் சாப்பிட்டார், அத்தரில் குளித்தார் என்றெல்லாம் ஆயிரம் கதை. எது நிஜம், எது ஜோடனை என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஒரு மனுஷனைப் பற்றி ஜனங்கள் இப்படியெல்லாம் கதை கட்டினார்கள் என்பதே அவருடைய செல்வாக்குக்கு அளவுகோல். அவரோடு போட்டி போட்டவர் என்று சொன்னால் பி.யு.சின்னப்பா ஒருவர்தான். பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று டீக்கடையில் அடிதடி நடந்த காலம் அது. அதற்குப் பிறகு வந்த ரசிகர் சண்டைகளுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

1944 அக்டோபர். தீபாவளிக்கு ஹரிதாஸ் ரிலீஸ். யுத்த காலம். ஃபிலிம் தட்டுப்பாடு. எந்தப் படமும் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கக் கட்டுப்பாடு. நிமிஷத்துக்கு 90 அடி என்று கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அதுவரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப்படம், இந்தக் கட்டுப்பாட்டால் சதை குறைந்து அழகானது என்று எனக்குத் தோன்றும். சுந்தர்ராவ் நட்கர்னி டைரக்‌ஷன், டி.ஆர்.ராஜகுமாரி, என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம், என்.சி.வசந்தகோகிலம் என்று பட்டாளம். சுகபோகத்தில் மிதக்கிற பணக்கார இளைஞன் பெற்றவர்களை விரட்டிவிட்டு, தாசியிடம் சொத்தைத் தோற்று, கால்களையும் இழந்து, கடைசியில் பெற்றோரே தெய்வம் என்று கிடக்கிற கதை. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் ஓடியது, ஓடியது, 1944 தீபாவளி, 1945 தீபாவளி, 1946 தீபாவளி என மூன்று தீபாவளி கண்டது.

அதில் முதல் தீபாவளிக்கு மட்டும்தான் கதாநாயகன் வெளியே இருந்தார்.

நடந்தது இது. சி.என்.லட்சுமிகாந்தன் என்று ஒரு பத்திரிகைக்காரர். முன்பே போர்ஜரி வழக்கில் தண்டனை அனுபவித்தவர். சினிமா தூது என்ற பத்திரிகையில் நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதித் தள்ளினார். எழுதாமல் இருப்பதற்குப் பணம் வாங்கினார் என்பதும் ஊரறிந்த பேச்சு. பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், பக்ஷிராஜா ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரிகையின் லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். மனுஷர் அடங்கவில்லை. இந்துநேசன் என்ற பத்திரிகையைக் கைப்பற்றி அதில் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ம் தேதி, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரை வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஹரிதாஸ் ரிலீஸாகி அப்போது ஒரு மாதம்கூட நிறையவில்லை.

டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜூரிகள் வைத்து ஹைகோர்ட்டில் விசாரணை. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. மற்ற இருவருக்கும் 1945 மே 3-ம் தேதி ஆயுள் தண்டனை. அப்பீல் அக்டோபர் கடைசியில் தள்ளுபடியானது. அடுத்த சில நாட்களில் தீபாவளி. பிராட்வேயில் ஹரிதாஸுக்கு இரண்டாவது தீபாவளி. நாவலாசிரியர் யாராக இருந்தாலும் அந்த ஒரு வாரத்துக்கே ஐம்பது பக்கம் ஒதுக்க வேண்டும். தியேட்டரில் ஹவுஸ்ஃபுல் போர்டு, வெள்ளைத் திரையில் அவர் சிரித்துக்கொண்டே பாடுகிறார், ஜனங்கள் விசிலடிக்கிறார்கள். அதே நேரம் ஆயுள் கைதி ஒருவர் சிறையில் படுத்திருக்கிறார். இருவரும் ஒரே ஆள். டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் திரும்பத் திரும்பப் போனார்கள். படத்தின் கதையும் எல்லாவற்றையும் இழக்கிறவன் கதையாகப் போனதில், பார்த்தவர்கள் அழுதது யாருக்காக என்று யாரும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போனது. அங்கிருந்து மறுவிசாரணைக்காக ஹைகோர்ட்டுக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரல் 25-ம் தேதி இருவரும் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டார்கள். சுமார் இருபத்தெட்டு மாத சிறைவாசம். ஹரிதாஸ் வெற்றிக்குப் பின் ஒப்புக்கொண்டிருந்த படங்களெல்லாம் கைவிட்டுப் போயிருந்தன. உதயணன் படத்தில் அவருக்குப் பதிலாக ஜி.என்.பாலசுப்ரமணியம் நடித்தார். வழக்குச் செலவில் சொத்து கரைந்தது.

இந்த இடத்திலிருந்து வழக்கமாகச் சொல்லப்படும் கதை உங்களுக்கே தெரியும். தங்கத்தட்டில் சாப்பிட்டவர் தகரத்தட்டில் சாப்பிட்டார், மனம் உடைந்தது, குரல் போனது, ஏழையாகச் செத்தார், ஆடின ஆட்டத்துக்குப் பலன், விதி வலியது. மேடைப் பேச்சாளர்களுக்கும் பட்டிமன்றக்காரர்களுக்கும் இது அல்வா. எனக்கு இதில் திருப்தி இல்லை. நம்ம தொழிலில் ஒரு மெஷின் நின்றுபோனால் விதி என்று ரிப்போர்ட் எழுதினால் மேனேஜர் விடுவாரா? ரூட் காஸ் என்ன என்று கேட்பார். பாகவதர் விஷயத்திலும் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜெயில்தான் காரணம் என்றால், அதே வழக்கில், அதே தண்டனை பெற்று, அதே நாளில் வெளியே வந்த இன்னொருவர் இருக்கிறாரே! பரிசோதனைக்கு இதை விட நல்ல கண்ட்ரோல் சாம்பிள் கிடைக்குமா? கலைவாணர் வெளியே வந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கினார். 1949-ல் நல்லதம்பி, 1951-ல் மணமகள் என்று படம் எடுத்தார், ஜெயித்தார். ஜனங்கள் ஜெயிலுக்குப் போன நடிகனை ஒதுக்கவில்லை. அப்படியானால் பாகவதருக்கு மட்டும் ஏன்?

அவர் உள்ளே இருந்த அந்த இருபத்தெட்டு மாதத்தில் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள். ஏவி.மெய்யப்பச் செட்டியார் 1945-ல் ஸ்ரீவள்ளி படம் எடுத்தார். கதாநாயகி குமாரி ருக்மிணி. நடிப்பு சரி, பாட்டு அவருக்குத் திருப்தியில்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, ருக்மிணியின் வாயசைப்புக்குப் பொருத்தி ஒட்டிவிட்டார். படம் பிரமாதமாக ஓடியது. பிளேபேக் முயற்சி அதற்கு முன்பும் உண்டு. ஆனால் குரல் ஒருவருடையது, முகம் ஒருவருடையது என்பதை ஜனங்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள் என்று அடித்துச் சொன்னது இந்தப் படம்தான். இதன் டெக்னிக் ரொம்ப எளிது. பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துவிடலாம், படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைக்கலாம், அல்லது எடுத்த படத்துக்குப் பின்னால் குரல் சேர்க்கலாம். பாடுகிற நேரமும் நடிக்கிற நேரமும் தனித்தனி ஆன உடனே, பாடுகிற ஆளும் நடிக்கிற ஆளும் தனித்தனி ஆவதற்கு எவ்வளவு நாளாகும்? அடையாறு வெயிலில் காக்கைக்குப் பயந்து ஒரே டேக்கில் பாடி நடித்த காலத்தில் இரண்டு திறமையும் ஒரே உடம்பில் இருந்தாக வேண்டும் என்ற அந்தக் கட்டாயம் போய்விட்டது. அந்தக் கட்டாயத்தின் மேல் கட்டிய அரண்மனைதான் பாகவதர். கலைவாணருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவருடைய சரக்கு கருத்தும் சிரிப்பும்.

வெளியே வந்ததும் சொந்தமாக ராஜமுக்தி எடுத்தார். சென்னையில் இருக்கப் பிடிக்காமலோ என்னவோ, படப்பிடிப்பை பூனாவில் வைத்துக்கொண்டார். வசனம் எழுதப் போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி வந்து, படம் வெளிவருமுன் 1948 ஜூனில் இறந்துபோனார். படத்தில் நடித்த எம்.ஜி.ஆர்., வி.என்.ஜானகி இருவருமே பிற்பாடு தமிழ்நாட்டு முதலமைச்சர்கள். பின்னணிப் பாடகியாக எம்.எல்.வசந்தகுமாரி அறிமுகமானதும் இதில்தான். அதாவது, தன் அரண்மனையின் அடித்தளத்தை அரித்துக்கொண்டிருந்த அதே டெக்னிக்குக்குத் தன் சொந்தப் படத்திலேயே கதவு திறந்துவிட்டார். ஒரு நல்ல குரலைக் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது போலிருக்கிறது. படம் தோற்றது.

1952-ல் அமரகவி, சியாமளா. அதே வருஷம் தீபாவளிக்கு பராசக்தி. கலைஞரின் வசனம், சிவாஜி கணேசன் என்ற புது முகம். பாட்டு கேட்க தியேட்டருக்குப் போன ஜனம், வசனம் கேட்கப் போக ஆரம்பித்தது. பக்தனும் தாசியும் போய், நாட்டு நடப்பைக் கேள்வி கேட்கிற குணசேகரன்கள் வந்துவிட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒலிப்பதிவு மேலேயே போட்டுவிட முடியாது. காலத்தின் ருசியும் மாறியது. பாகவதர் அந்த ருசியைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. கோயில், பஜனை, கச்சேரி என்று ஒதுங்கினார். அவருடைய கச்சேரிக்குக் கூட்டம் கடைசிவரை இருந்தது. பிச்சைக்காரர் மாதிரி கிடந்தார் என்று சொல்லுகிறவர்கள் இதை ஏனோ சொல்வதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த, நாவலில் கட்டாயம் வரவேண்டிய ஒரு வருஷம் 1957. அம்பிகாபதி கதையை மறுபடி எடுத்தார்கள். கதாநாயகன் சிவாஜி. அவருக்குக் குரல் டி.எம்.சௌந்தரராஜன். இசை, பாகவதருக்கு மெட்டுப் போட்ட அதே ஜி.ராமநாதன். இருபது வருஷத்துக்கு முன் ஒரே ஆள் செய்த வேலையை இப்போது இரண்டு பேர் பங்கு போட்டுச் செய்கிறார்கள், இருவருமே அவரவர் துறையில் சிகரம். இதில் இன்னொரு வேடிக்கை, டி.எம்.எஸ். பாட ஆரம்பித்ததே பாகவதர் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டுதான். 1950-ல் வந்த கிருஷ்ண விஜயம் படத்தில் அவருடைய முதல் பாட்டைக் கேட்டால், பாகவதரே பாடுகிறாரோ என்று ஒரு விநாடி சந்தேகம் வரும். ஆக, பாகவதரின் குரல் சினிமாவை விட்டுப் போகவில்லை. வேறு முகத்துக்குப் போய்விட்டது. அதே 1957-ல் பாகவதர் தானே டைரக்ட் செய்து நடித்த புதுவாழ்வு வெளிவந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. கலைவாணர் காலமானதும் அந்த வருஷம்தான்.

சர்க்கரை வியாதி அவரைப் படுத்தியது. கடைசிக் காலத்தில் பார்வை மங்கியது. அசோக்குமார் படத்தில் கண்ணிழந்து பாடிய காட்சியை நினைத்து ரசிகர்கள் மருகினார்கள். 1959 நவம்பர் 1-ம் தேதி, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில், நாற்பத்தொன்பதாவது வயதில் உயிர் பிரிந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் லட்சுமிகாந்தன் இறந்ததும் இதே ஆஸ்பத்திரியில், இதே மாதத்தில்தான். லட்சுமிகாந்தனைக் கொல்லச் சொன்னது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. பாகவதரின் உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கடைசிப் படமான சிவகாமி அவர் போன பிறகு 1960-ல் வெளிவந்தது. நடித்த படங்கள் மொத்தமே பதினாலு. இன்று நாலு வருஷத்தில் பதினாலு படம் நடிக்கிறார்கள்!

திருச்சியில் அவருக்கு அரசாங்கம் மணிமண்டபம் கட்டியிருக்கிறது. ரீயூனியனுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை என்று லிஸ்ட் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் எதிர்பார்த்திருக்கும் நாவலை எழுதப் போகிறவர் யாரென்று தெரியாது. நம்ம கல்லூரிப் பிள்ளையாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். கொலைவழக்கை வைத்து முன்னூறு பக்கத்துக்கு மர்ம நாவல் பண்ணிவிட வேண்டாம். தங்கத்தட்டையும் தகரத்தட்டையும் வைத்து நீதிக்கதையும் வேண்டாம். ஆர்மோனியப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து நாலாவது கட்டையை எட்டப் பார்க்கிற பத்து வயசுப் பையன் அதில் இருக்க வேண்டும். ஒலிப்பதிவு எஞ்சினியரின் கண்ணாடி அறை இருக்க வேண்டும். பிராட்வே தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தினம் தினம் அதே ரீல்களைச் சுற்றி, சிறையிலிருக்கிற மனுஷனைத் திரையில் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தானே. அப்படி ஒருவர் கட்டாயம் இருந்திருப்பார், பெயர்தான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாவலாசிரியருக்கு அதை விட என்ன வேண்டும்?

ஹாஸ்டலில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு: ஹரிதாஸ், சிவகவி இரண்டும் இன்று சுலபமாகக் கிடைக்கின்றன. ஒரு சனிக்கிழமை ராத்திரி போட்டுப் பாருங்க. முதல் கால் மணி நேரம் சிரிப்பு வரும், பரவாயில்லை. பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாட்டை மட்டும் கேளுங்க. சிந்தாமணி மட்டும் பார்க்கக் கிடைக்காது. ஒரு வருஷம் ஓடிய அந்தப் படத்துக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சீனியர் அண்ணன்மார், அக்காமார் வீட்டுப் பரணில், தாத்தா பாட்டி டிரங்குப் பெட்டியில், சிந்தாமணி பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒரு ஸ்கேன் எடுத்து சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.